அப்பா போட்டோவுக்கு ஒரு மாலை

லேனாவிடம் ஒரு கேள்வி கேட்டால் கேட்டதற்கு மட்டும்தான் பதில் வரும். "சாப்பிட்டியா?" என்றால் "சாப்பிட்டேன்." என்ன சாப்பிட்டாள், நமக்கு மிச்சம் இருக்கிறதா என்பதையெல்லாம் தனித்தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். முழுப்பெயர் மகதலேனா இக்னேஷியஸ். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். அப்பா இக்னேஷியஸ் ரயில் இன்ஜின் ஓட்டுநர். அம்மா டொரத்திக்குக் கிள்ளானில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை. இன்றைக்குக் கிள்ளானில் கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டிக் கொடுக்கும் லேனா அக்கா என்றால் பலருக்குத் தெரியும். நான் சொல்லப்போவது தொண்ணூற்று நான்காம் வருடம், அவள் கல்லூரியின் கடைசி வருடத்தில் இருந்தபோது நடந்தது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் அந்தப் பழக்கம் அன்றைக்கு ஒரு தெருவையே கலங்கடித்தது. நான் பக்கத்திலேயே இருந்தேன், அதுவும் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு.

நான் ராஜேஸ்வரி, காப்பார்க்காரி. பிரிக்பீல்ட்ஸில் கடைவரிசை ஒன்றின் மாடியில் இயங்கிய தனியார் கல்லூரியில் நானும் லேனாவும் ஒலி, ஒளி, செய்தி என்று எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் படித்தோம். எங்கள் குழுவில் மூன்றாவது ஆள் ஜெயராஜ். அவனை நாங்கள் சேர்த்துக்கொண்டது அவன் அறிவுக்காக இல்லை. கிள்ளானில் அவன் மாமா கல்யாண வீடியோ கடை வைத்திருந்தார். கேமரா, மைக், விளக்கு எல்லாம் அவரிடம் இருந்தன. அவனும் பள்ளி நாளிலிருந்தே மாமாவுடன் கல்யாணங்களுக்குப் போய்ப் பழகியவன். மாமா அவனுக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் ஒன்று உண்டு. பொண்ணு புறப்படும்போது யாராவது அழ ஆரம்பித்தால் கேமராவை நிறுத்தக் கூடாது. அழுகையை விட்டுவிட்டால் கல்யாண வீட்டார் சும்மா விடமாட்டார்கள். இதை அவன் வேதம்போல ஒப்பிப்பான்.

கடைசி வருடத்துக்கு எங்கள் விரிவுரையாளர் மிஸ்டர் சோங் கொடுத்த வேலை இது: ஒரு திகில் படத்தின் தொடக்கம். முழுப்படம் வேண்டாம், முதல் இரண்டு நிமிடம் போதும். திரையிட்ட பிறகு மேடையேறி, ஏன் இந்த ஷாட், ஏன் இந்தச் சத்தம், ஏன் இந்த இருட்டு என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்ல வேண்டும். படத்துக்குப் பாதி மார்க், பதிலுக்குப் பாதி மார்க். "வாயால் எதையும் விளக்காதீர்கள். வாசலைப் பார்த்ததுமே உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று ஆளுக்குப் புரிய வேண்டும்" என்று அவர் ஆங்கிலத்தில் அடித்துச் சொன்னார். தெருவுக்கு அது நன்றாகவே புரிந்தது.

எனக்கும் ஜெயராஜுக்கும் தேறினால் போதும். லேனாவுக்கு அப்படி இல்லை. பெண் ஆசிரியையாக வேண்டும் என்பது இக்னேஷியஸ் அங்கிளின் ஆசை. இவள் அழுது அடம்பிடித்து இந்தப் படிப்பில் சேர்ந்தபோது அவர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். கடைசிப் படத்துக்கு நல்ல மார்க் வந்தால் அவள் வழியில் போகலாம். வராவிட்டால் வாயை மூடிக்கொண்டு ஆசிரியர் பயிற்சிக்குப் போக வேண்டும். அங்கிள் சொன்ன சொல் மாறாதவர். மகளும் அதே ரகம். அதனால் அந்த இரண்டு நிமிடத்தில்தான் அவளுடைய மொத்த வாழ்க்கையும் தொங்கிக்கொண்டிருந்தது.

கதையை அவளே எழுதினாள். ஒரு விதவை இருட்டில், மாலை போட்ட கணவன் போட்டோவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். ஃபோன் அடிக்கிறது. எடுக்கிறாள். மறுமுனையில் அந்தக் கணவனின் குரல்: "கதவைத் திற." அவ்வளவுதான். கேட்டதும் எனக்குக் கை மயிர் சிலிர்த்தது. நம் வீடுகளில் போட்டோவில் மாலை விழுந்தால் அந்த ஆள் இல்லை என்று அர்த்தம். வசனமே தேவையில்லை.

ஆனால் போட்டோ கொடுக்க ஒரு ஆள் கிடைக்கவில்லை. என் அண்ணன் போட்டோவைக் கேட்டதற்கு என் அம்மா துடைப்பத்தை எடுத்தார். "உசிரோட இருக்கிற பிள்ளைக்கு மாலையா? இதைத்தான் அங்க சொல்லிக் குடுக்கிறாங்களா?" என்று காப்பாருக்கே கேட்கும்படி கத்தினார். ஜெயராஜ் தன் மாமாவிடம் கேட்கவே பயந்தான். கடைசியில் லேனா சொன்னாள்: "எங்கப்பா யூனிஃபார்ம் போட்டோ இருக்கு. எங்க வீட்டுலயே எடுப்போம். அப்பா காலையில ஈப்போ போறாரு, அம்மா வேலைக்குப் போயிடுவாங்க. ரெண்டு பேரும் வர்றதுக்குள்ள கழட்டிடலாம்."

"உனக்குப் பயமா இல்லையா?" என்றேன்.

"இல்ல."

இரவில் படம் எடுக்க எங்கள் இரண்டு வீட்டிலும் விடமாட்டார்கள். அதனால் பகலை இரவாக்க வேண்டியிருந்தது. அங்கிள் வேலைக்குப் போனதும், ஆன்டியும் கிளம்பியதும், வீட்டின் முன்பக்கம் முழுவதும் நீலத் தார்ப்பாயைக் கட்டி வெளிச்சத்தை அடைத்தோம். கேமராவுக்கு இடம் வேண்டும் என்று கூடத்து நாற்காலிகளை வெளியே தூக்கிப்போய் தார்ப்பாய்க்குக் கீழே வரிசையாகப் போட்டோம். மைக்கில் இரைச்சல் விழாமல் இருக்க ரேடியோவையும் காற்றாடியையும் நிறுத்தினோம். நான் வெள்ளைச் சேலை கட்டி, தலையைக் கலைத்துக்கொண்டு, அழுது பழகினேன். எனக்கு அழுகை சுலபமாக வரும். சத்தமாகவும் வரும்.

மாலை வாங்க லேனா தெருமுனைக்குப் போனாள். அங்கே இராஜம்மா ஆன்டி பூக்கட்டி விற்பார். அவரும் அதே குவார்ட்டர்ஸ்காரர்தான், லேனாவைக் குழந்தையிலிருந்து தெரியும். போன வேகத்தில் மாலையோடு திரும்பி வந்தவள், "ஆன்டி காசே வாங்கல" என்றாள்.

"ஏனாம்?" என்றான் ஜெயராஜ்.

"தெரியல. 'வெச்சுக்கம்மா'ன்னு கையைப் பிடிச்சாங்க."

நாங்கள் இராஜம்மா ஆன்டியின் நல்ல மனதைப் பாராட்டினோம். யாருக்கும் அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை. போட்டோவைச் சுவரில் மாட்டி, மாலை போட்டு, கீழே ஒரு விளக்கை ஏற்றினோம். உண்மையைச் சொன்னால் மாலை ஏறியதும் எனக்குத் திக்கென்றது. முந்தின வாரம்தான் அந்த மனிதர் என்னிடம், "காப்பார்ல மீன் என்ன விலைமா?" என்று சிரித்துக்கொண்டு கேட்டிருந்தார். லேனா போட்டோவைப் பார்க்கவே இல்லை. மானிட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெயராஜ் கேமராவை முக்காலியில் நிறுத்தினான். சுவரில் போட்டோ, கீழே நான், பின்னால் சமையலறைக் கதவு, எல்லாம் ஒரே ஃபிரேமில் விழுந்தன. மைக்கைப் போட்டோவுக்குப் பக்கத்திலேயே கட்டித் தொங்கவிட்டேன். லேனா ஆக்‌ஷன் சொன்னாள். நான் அழ ஆரம்பித்தேன். நன்றாகவே அழுதேன்.

அப்போதுதான் தார்ப்பாயை விலக்கிக்கொண்டு மாரிஸ் அங்கிள் உள்ளே வந்தார். அவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தேவாலயக் கமிட்டியில் சாவு வீட்டுக் காரியங்களைக் கவனிப்பவர். கையில் ஜெபமாலை இருந்தது. நேராக லேனாவிடம் போய் அவள் தலையில் கை வைத்தார். ஷாட் கெட்டுவிட்ட எரிச்சலோடு அவள் நிமிர்ந்தாள்.

"தைரியமா இருக்கணும்மா" என்றார். "வெளிய ஒரு கெமா பத்தாது. கோயில்லேர்ந்து இன்னொண்ணு கொண்டாரச் சொல்லியிருக்கேன். பாடி எப்ப வருது?"

"எந்த பாடி அங்கிள்?"

"அப்பா பாடிதான்மா."

லேனாவின் முகத்தில் ரத்தமே இல்லாமல் போனது. எனக்கும் அழுகை அப்படியே நின்றது. யோசித்துப் பாருங்கள். வந்திருப்பவர் ரயில்வேக்காரர். தண்டவாளத்தில் ஏதாவது ஆனால் அவருக்குத்தான் முதலில் சேதி வரும். அங்கிளோ காலையிலிருந்து தண்டவாளத்தில்தான் இருக்கிறார். மாலை போட்டது பலித்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது. நான் படித்தவள், மூடநம்பிக்கை எல்லாம் எனக்குக் கிடையாது என்று சொல்லித் திரிந்தவள். அன்றைக்கு அந்த மாலையை உடனே கழற்றிவிடத்தான் தோன்றியது.

லேனா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அங்கிள், உங்களுக்கு யாரு சொன்னா?"

"இராஜம்மா."

"அவங்களுக்கு?"

மாரிஸ் அங்கிள் குழம்பிப்போய் அவளைப் பார்த்தார். "நீதான் சொன்னியாமேம்மா. யாருக்கு மாலைன்னு கேட்டாளாம். 'அப்பா போட்டோவுக்கு'ன்னியாம். அதான் அவ காசு வாங்கல. அப்புறம் வந்து பார்த்தா வாசல்ல கெமா, நாற்காலி, உள்ள அழுகை..."

கெமா என்றால் எங்கள் ஊரில் பந்தல். நாங்கள் வெளிச்சத்துக்குக் கட்டிய தார்ப்பாய் தெருவுக்குச் சாவுப் பந்தலாகத் தெரிந்திருக்கிறது. சாவு வீட்டுக்குள் நுழைந்து "யார் செத்தது?" என்று நம் ஆட்கள் யாரும் கேட்பதில்லை. கேட்காமலே ஆக வேண்டியதைப் பார்ப்பதுதான் மரியாதை. அந்த மரியாதையில் தெருவே காரியத்தில் இறங்கிவிட்டது.

லேனா எல்லாவற்றையும் கொட்டினாள். மாரிஸ் அங்கிள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆனால் லேனா சிரிக்கவில்லை.

"அம்மாவுக்கு யாராச்சும் ஃபோன் பண்ணீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "இராஜம்மா கிளினிக்குக்கு அடிச்சுட்டா. விஷயத்தைச் சொல்லலம்மா. 'கொஞ்சம் சீரியஸ், உடனே வாங்க'ன்னு மட்டும்தான்."

அந்த 'மட்டும்தான்' என்ற சொல்லில்தான் எல்லாம் இருந்தது. நம் சனங்கள் சாவை ஃபோனில் சொல்வதில்லை. சீரியஸ் என்போம், உடனே வா என்போம். கேட்கிறவருக்கு அதற்கு என்ன அர்த்தம் என்று நன்றாகவே தெரியும். ஆன்டிக்கும் தெரிந்திருக்கும். சில வருடங்களுக்கு முன் யாரோ ஒருவர் அங்கிளின் ரயிலுக்கு முன்னால் பாய்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அங்கிள் பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. அன்றிலிருந்து ஆன்டி ஃபோன் அடித்தால் உடனே எடுக்கமாட்டார். ஒருமுறை கையைத் துடைத்துக்கொண்டு, மூச்சை இழுத்துவிட்டுத்தான் எடுப்பார்.

லேனா கிளினிக்குக்கு அடித்தாள். டாக்ஸி பிடித்துக் கிளம்பிவிட்டார் என்றார்கள். அப்போது ஏது கைப்பேசி! கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரும் வழி முழுக்க அந்த அம்மா டாக்ஸிக்குள் தனியாக, கணவன் போய்விட்டார் என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

"ஜெயராஜ், வாசல்ல இருக்கிறதெல்லாம் முதல்ல எடு. ராஜி, நீ போட்டோவை எடு. நான் மெயின் ரோட்டுல நின்னு அம்மாவைப் புடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு லேனா செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். மாரிஸ் அங்கிள் மற்றவர்களைத் தடுக்கத் தேவாலயத்துக்கு ஓடினார். ஜெயராஜ் வெளியே கயிற்றை அவிழ்க்கப் போனான். நான் ஒரு ஸ்டூலைத் தேடி எடுத்து, சேலை தடுக்கத் தடுக்க அதில் ஏறினேன். இத்தனை களேபரத்தில் கேமராவை நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

டாக்ஸிக்காரர் மெயின் ரோட்டில் வரவில்லை. நெரிசலுக்குப் பயந்து மறுபக்கமாக வந்து பின்சந்தில் இறக்கிவிட்டிருக்கிறார். சமையலறைக் கதவு திறந்தது. நான் மாலையில் கை வைத்திருந்தேன். திரும்பினால் டொரத்தி ஆன்டி நிற்கிறார்.

"ஆன்டி, இல்ல! அங்கிள் நல்லாருக்காங்க! இது காலேஜ் படம், சும்மா நடிப்பு ஆன்டி!" என்று கத்தினேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. போட்டோவையும் பார்க்கவில்லை. கைப்பையைச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். அறைக்குள் போனார். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு கறுப்புக் கோட்டு இருந்தது. அங்கிளின் கல்யாணக் கோட்டு. கல்யாணங்களுக்கும் கிறிஸ்துமஸ் பூசைக்கும் மட்டும் போடுவாராம். ஆன்டி போட்டோவுக்கு நேர் எதிரே தரையில் உட்கார்ந்து, கோட்டை மடியில் விரித்து, தோள்பட்டையில் இருந்த தூசியை உள்ளங்கையால் தட்ட ஆரம்பித்தார். சர், சர் என்று மெதுவாக, ஒரே பக்கமாக.

பாடி வந்ததும் உடுத்த வேண்டுமே. அதற்குத்தான்.

ஸ்டூலிலிருந்து குதித்து அவர் கையைப் பிடித்தேன். "ஆன்டி, சத்தியமா அங்கிளுக்கு ஒண்ணும் ஆகல."

"எந்த ஆஸ்பத்திரிம்மா?" என்றார், ரொம்ப அமைதியாக.

"எந்த ஆஸ்பத்திரியும் இல்ல ஆன்டி!"

"எனக்கு ஒண்ணும் ஆகாதும்மா. நான் கிளினிக்குல இருக்கிறவதான். உண்மையச் சொல்லு."

சாவு வீட்டில் மனைவியிடம் எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தானே: ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறார், நீங்கள் பதறாதீர்கள். நான் எத்தனை முறை உண்மையைச் சொன்னாலும் அவர் காதில் அது அந்த வழக்கமான பொய்யாகத்தான் விழுந்தது. லேனா ஓடி வந்து அவர் மடியில் விழுந்து அழுதாள். அதைப் பார்த்து ஆன்டியின் சந்தேகம் இன்னும் உறுதியாகிவிட்டது. மகளின் தலையை ஒரு கையால் தடவினார். மறு கை கோட்டைத் தட்டிக்கொண்டே இருந்தது. வாசலில் கயிற்றோடு நின்றுகொண்டிருந்த ஜெயராஜ் கேமராவைப் பார்த்தான். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவன் மாமாவின் பாடம் அவனை நகரவிடவில்லை.

மாரிஸ் அங்கிள் பழைய நண்பர்கள் மூலம் ரயில்வே கட்டுப்பாட்டு அறையில் விசாரித்துவிட்டு வந்தார். வண்டி ஈப்போவிலிருந்து ஒழுங்காகத் திரும்பிக்கொண்டிருக்கிறது, தஞ்சோங் மாலிம் தாண்டியாகிவிட்டது என்றார்.

"ஃபோன்ல யாரு அண்ணே உண்மை பேசுறா?" என்று கேட்டார் ஆன்டி. அவ்வளவுதான். அதற்கப்புறம் வீட்டை ஒழுங்குபடுத்துவதைத் தவிர எங்களால் ஒன்றும் முடியவில்லை.

மாலையைக் கழற்றினோம், விளக்கை அணைத்தோம், நாற்காலிகளை உள்ளே கொண்டுவந்தோம். யாரும் உட்காரவில்லை. லேனா சுவரோரமாக நின்று அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயம் என்றால் என்ன என்று எங்களுக்குக் கல்லூரியில் ஆறு மாதம் பாடம் நடத்தினார்கள். அந்த மத்தியானத்துக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமே இல்லை.

வெயில் சாய்ந்த நேரத்தில் சந்தில் ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அங்கிளின் பழைய ஹோண்டா. அது நிற்கும்போது இரண்டு தடவை இருமும். முதல் இருமலிலேயே ஆன்டியின் கை நின்றது. இரண்டாவது இருமலில் அவர் எழுந்து, கோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டி, முகத்தைக் கழுவிக்கொண்டு சமையலறையில் நின்றார். அங்கிள் உள்ளே வந்து கூட்டத்தைப் பார்த்து, "என்ன லா, எல்லாரும் இங்க?" என்றார்.

"சாப்பிட்டீங்களா?" என்றார் ஆன்டி. கேட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அங்கிளிடம் மாலைக் கதையைச் சொன்னோம். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "மாலை போடுறதுக்கு இதைவிட நல்ல போட்டோ கெடைக்கலியா?" என்று மகளைச் சீண்டினார். தெருவில் அவருக்கு 'செத்துப் பொழைச்சவரு' என்று பட்டப்பெயரே வந்துவிட்டது. இராஜம்மா ஆன்டி ஒரு வாரம் அவர் கண்ணில் படாமல் ஒளிந்து திரிந்தார். எல்லாம் அங்கிளுக்குத் தெரியும், ஒன்றைத் தவிர. அன்று மாலை நான் கிளம்பும்போது டொரத்தி ஆன்டி என்னையும் லேனாவையும் சமையலறைக்குள் கூப்பிட்டார்.

"நான் கோட்டை எடுத்தது அவருக்குத் தெரியக் கூடாது" என்றார். "உசிரோட இருக்கிற மனுசனுக்குப் பொண்டாட்டியே உடுப்பு எடுத்து வெச்சான்னு தெரிஞ்சா, இன்ஜின்ல ஏறும்போதெல்லாம் அவருக்கு அதுதான் ஞாபகம் வரும். தண்டவாளத்துல கண்ணு நிக்காது. என்கிட்ட சத்தியம் பண்ணு."

லேனா சத்தியம் செய்தாள். அப்போது அவளுக்கும் எனக்கும் அந்த டேப்பில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

மறுநாள் கல்லூரியில் போட்டுப் பார்த்தோம். ஃபிரேமில் சுவர், மாலை, போட்டோ. பின்னால் கதவு திறக்கிறது. கிளினிக்கின் நீல யூனிஃபார்மில் ஒரு பெண் போட்டோவைப் பார்க்காமலே தாண்டிப் போகிறாள், கோட்டோடு திரும்புகிறாள், உட்காருகிறாள், தட்டுகிறாள். நான் பக்கத்தில் கத்துவதுகூட நடிப்பாகத்தான் தெரிந்தது. எங்களுக்குப் பின்னால் எப்போது வந்து நின்றாரோ, மிஸ்டர் சோங் மெதுவாகச் சொன்னார்: "இதில் கை வைக்காதீர்கள். இதுதான் உங்கள் தொடக்கம். இத்தனை வருடத்தில் நான் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. யார் இந்த நடிகை?"

லேனா, "எங்கம்மா" என்றாள். கேட்டதற்கு மட்டும் பதில்.

அவர் போனதும் ஜெயராஜ் பிடித்துக்கொண்டான். "எங்க மாமா கடையில காலம் பூரா எடுத்தாலும் இப்படி ஒரு ஷாட் விழாது! உனக்குத்தானே மார்க் வேணும்? உனக்குத்தானே டீச்சர் வேலை புடிக்காது?"

"அப்பா திரையிடலுக்கு வருவாரு."

"வரவேணாம்னு சொல்லு."

"அவர் போட்ட நிபந்தனை. அவர் வருவாரு."

நான் லேனா பக்கம்தான் இருந்தேன். மார்க் பக்கமும் கொஞ்சம் இருந்தேன். மறுபடி எடுக்கலாமா என்று கேட்டுப் பார்த்தேன். யார் போட்டோவுக்கு இனி யார் மாலை போடுவது? அந்தத் தெருவில் எங்களைக் கேமராவோடு பார்த்தாலே கதவைச் சாத்தினார்கள். நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. ஜெயராஜ் இரண்டு நாள் லேனாவிடம் பேசவில்லை. லேனா அந்த டேப்பைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தாளாம். போட்டால் அவள் விரும்பிய வாழ்க்கை கிடைக்கும், ஆனால் அப்பா இன்ஜின் ஏறும் ஒவ்வொரு காலையும் கெட்டுப்போகும். போடாவிட்டால் ஒன்றுமே இல்லை.

மூன்றாம் நாள் அவள் தன் அம்மாவிடம் போனாள். "சத்தத்தை மட்டும் எடுத்துக்கவாம்மா?" என்று கேட்டிருக்கிறாள்.

ஆன்டி திருப்பிக் கேட்டாராம்: "சத்தத்துல என் மூஞ்சி தெரியாதில்ல?"

"தெரியாதும்மா."

"அப்ப எடுத்துக்க."

படம் இப்படி ஆனது: திரை முழுக்கக் கறுப்பு. சர், சர் என்று ஒரு சத்தம் மட்டும். ரொம்ப நேரம். பிறகு ஃபோன் அடிக்கிறது. சத்தம் நிற்கிறது. அதற்கப்புறம்தான் முதல் காட்சி, ஆள் இல்லாத சமையலறைக் கதவு. ஃபோனில் ஒரு குரல், "கதவைத் திற." ஜெயராஜ்தான் அந்தக் குரல். முணுமுணுத்துக்கொண்டே பேசிக் கொடுத்தான். அந்தக் கோபம் குரலில் இறங்கி நன்றாகவே அமைந்தது.

திரையிடல் நாளன்று பெற்றோர்களும் வந்திருந்தார்கள். நான் வாசலில் நின்று வரவேற்றுக்கொண்டிருந்தேன். அங்கிளும் ஆன்டியும் படியேறி வந்தார்கள். மகளின் விசேஷம் என்று அங்கிள் அந்தக் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஆன்டி என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. அவர்களைக் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டுப் பின்வரிசையில் நின்றுகொண்டேன்.

விளக்கு அணைந்தது. கறுப்புத் திரையில் சத்தம் ஆரம்பித்தது. சர், சர். கூட்டத்தில் சிலர் ஒலிபெருக்கி கெட்டுவிட்டது என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார்கள். கதவிடுக்கில் வந்த வெளிச்சத்தில் எனக்கு அங்கிளின் தோள் தெரிந்தது. அதன்மேல் ஆன்டியின் கை. அவருக்கே தெரியாமல் அந்தக் கை, சத்தத்தோடு சேர்ந்து, அங்கிளின் தோளைத் தட்டிக்கொண்டிருந்தது. அங்கிள் தலையைத் திருப்பி முதலில் கையைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். ஃபோன் அடித்தது, சத்தம் நின்றது. கையும் நின்றது.

விளக்கு போட்டதும் லேனா மேடைக்குப் போனாள். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "அது என்ன சத்தம்?"

பாதி மார்க் அந்தப் பதிலில்தான் இருந்தது. மிஸ்டர் சோங் முன்னால் சாய்ந்து, சொல்லு சொல்லு என்று கையை அசைத்தார். அவள் பார்வை ஒரு கணம் கறுப்புக் கோட்டுப் பக்கம் போய்த் திரும்பியது.

"சொல்ல முடியாது சார்" என்றாள்.

"உனக்கே தெரியாதா?"

"தெரியும் சார். சொல்ல முடியாது."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. தேர்வாளர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு ஏதோ குறித்துக்கொண்டார். தேறினோம், அவ்வளவுதான். 'நல்ல மார்க்' என்று யாரும் சொல்லமாட்டார்கள். மேடையிலிருந்து இறங்கியவள் நேராகக் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே நின்ற எனக்கு அவள் அழுவது கேட்டது. நிபந்தனை நிபந்தனைதான். அப்பா சொன்னால் சொன்னது.

அவள் வெளியே வந்தபோது அங்கிள் நடைபாதையில் நின்றுகொண்டிருந்தார். ஆன்டி சற்றுத் தள்ளி, படியருகே இருந்தார்.

"என்னப்பா, டீச்சர் மனுப் போடணுமா?" என்றாள் லேனா.

அவர் கோட்டின் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"கல்யாணத்துக்குக் கெளம்பும்போதெல்லாம் உங்கம்மா என்னை வாசல்ல நிறுத்தி இதைத் தட்டி விடுவா" என்றார் தணிந்த குரலில். "முப்பது வருசமாக் கேக்குற சத்தம். எனக்குத் தெரியாதா?"

லேனா அழுதுகொண்டே, "அப்பா, அம்மா வேணாம்னு..." என்று ஆரம்பித்தாள்.

"நான் உன்னை ஒண்ணும் கேக்கல" என்றார். "நான் கேக்காதவரைக்கும் நீயும் சொல்லாத. அவகிட்டயும் எனக்குத் தெரியும்னு சொல்லாத. டீச்சர் மனுவெல்லாம் வேணாம் லா."

பிறகு கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு ஆன்டி நின்ற படிப்பக்கம் போனார். "தோள்ல தூசி இருக்கா பாரு" என்று கேட்டு, அவர் முன்னால் குனிந்து நின்றார்.